ரீகர்வ் வில்லுக்கு எந்த வான்கோழி பொம்மை? பெட்டை, ஜேக், தோகை விரித்த சேவல் – ஓர் ஒப்பீட்டு அலசல்

துப்பாக்கி வைத்திருப்பவருக்குக் காட்டு வான்கோழிச் சேவல் 40 கஜத்துக்குள் வந்து கழுத்தை நீட்டினால் போதும். காம்பவுண்ட் வில்காரர் நாணை இழுத்து அரை நிமிடம்கூடக் காத்திருக்கலாம். பாரத்தில் பெரும்பகுதியை வில் நுனிகளில் உள்ள கப்பிகள் தாங்கிக்கொள்ளும். கப்பி இல்லாத பாரம்பரிய வில்களான ரீகர்வ் (நுனிகள் எதிர்ப்புறம் வளைந்தது), லாங்போ (நீண்டு நேரானது) என்றால் இந்த இரண்டு சலுகையும் கிடையாது. 45, 50 பவுண்டு இழுபாரம் முழுசாக மூன்று விரலில் நிற்கும். இழுத்து, கன்னத்தில் கை பதித்து, அம்பை விட மூன்று விநாடி இருந்தால் அதிகம். தூரமும் 10 முதல் 15 கஜம்தான். அவ்வளவு கிட்டத்தில், தலையைத் திருப்பாமலே சுற்றுப்புறத்தில் முக்கால்வாசியைப் பார்த்துவிடும் பறவைக்கு எதிரே கை அசைந்தாக வேண்டும்.

ஆகவே, ‘எந்த டெகாய் (பறவையை ஏமாற்றி இழுக்கும் பொம்மை) அதிகச் சேவல்களை இழுக்கும்?’ என்பது துப்பாக்கிக்காரர் கேட்க வேண்டிய கேள்வி. வில்லாளி கேட்க வேண்டியது வேறு: வந்த சேவல் எந்த இடத்தில் நிற்கும், எந்தப் பக்கம் திரும்பி நிற்கும், அதன் கண் எப்போது நம்மை விட்டு விலகும்? 30 கஜத்தில் நின்று அரைமணி நேரம் ஆடிவிட்டுப் போகிற சேவலால் நமக்குப் பிரயோசனம் இல்லை. இங்கே ஒவ்வொரு பொம்மையையும் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறோம்.

ஒற்றைப் பெட்டை

விலை குறைவு, சுமக்க எளிது, எந்தப் பறவையையும் மிரட்டாது. வேட்டைப் பருவத்தின் பிற்பாதியில், அசல் பெட்டைகள் அடைகாக்க உட்கார்ந்துவிட்ட பிறகு, துணை தேடித் தனியாக அலையும் சேவலுக்கு இது சரியான தூண்டில். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வசந்த வேட்டைப் பருவம் ஏப்ரல் 25 முதல் மே 31 வரை. அதில் கடைசி இரண்டு வாரத்தை இதற்கென்றே ஒதுக்கலாம்.

குறை என்ன என்றால், வான்கோழி வழக்கப்படி சேவல் கூவும், பெட்டை தேடிப் போகும். பொம்மைப் பெட்டையைக் கண்ணால் பார்த்த சேவல், ‘நான் இங்கே இருக்கிறேன், நீ வா’ என்று 30, 40 கஜத்திலேயே தோகை விரித்து நின்றுவிடும். பொம்மை நகராது. சேவலும் நகராது. கடைசியில் அலுத்துப்போய் அது திரும்பிவிடும். வந்து சேர்கிற சேவலும் ஓர் இடத்தில் நிலையாக நிற்காமல் பெட்டையைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதை வைப்பதானால் 7 அல்லது 8 கஜத்தில், வால் நம் பக்கமும் தலை அப்பாலும் இருக்கும்படி வையுங்கள். சேவல் பெரும்பாலும் பெட்டையின் பின்பக்கத்துக்கே வரும். அதாவது நமக்கும் பொம்மைக்கும் இடையில், முதுகை நமக்குக் காட்டி நிற்கும். தலையை உயரத் தூக்கி நிற்கும் பெட்டை பொம்மையை வாங்காதீர்கள். அது ஆபத்தை உணர்ந்த பெட்டையின் நிலை. மேய்கிற நிலை அல்லது கழுத்தைத் தளர்த்தி நிற்கிற நிலை போதும். பொம்மையைத் தாங்கும் கம்பியை அரைகுறையாகச் செருகி, பொம்மை கொக்குபோல் நெடுக நிற்பதை அடிக்கடி பார்க்கிறோம். அடிவயிறு புல் நுனியை உரசும்வரை கம்பியை மண்ணில் இறக்க வேண்டும்.

ஜேக்கும் பெட்டையும்

பாரம்பரிய வில்லுக்கு நாங்கள் முதலிடம் கொடுப்பது இந்த ஜோடிக்குத்தான். ஜேக் என்பது ஒரு வயது விடலைச் சேவல்: நெஞ்சில் தொங்கும் தாடி நாலைந்து அங்குலம், உடம்பு சிறிசு, சண்டையில் சுலபமாகத் தோற்பது. அப்படியொரு பொடியன் பெட்டைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பெரிய சேவல் பொறுக்காது. அது பெட்டைக்காக வருவதில்லை, ஜேக்கை விரட்ட வருகிறது. அதனால் பாதித் தூரத்தில் நிற்காமல் பொம்மைவரை வந்து சேர்கிறது. விரட்ட வருகிற சேவல் எதிரியின் முகத்துக்கு நேரே போய் நிற்கப் பார்க்கும். நம் வேலை முழுக்க இந்தக் குணத்தின் மேல்தான் நிற்கிறது.

ஜேக்கை 6 முதல் 7 கஜத்தில் வையுங்கள். முகம் நம்மைப் பார்த்து இருக்கட்டும், அல்லது கால்வாசி திரும்பியிருக்கட்டும். பெட்டையை அதற்குப் பின்னால் பக்கவாட்டில் இரண்டடி தள்ளி வையுங்கள். தரையில் படுத்த நிலையில் இருக்கும் பெட்டை பொம்மை என்றால் இன்னும் நல்லது. கம்பியும் வேண்டாம், காற்றில் ஆடவும் ஆடாது. சேவல் சுற்றி வந்து ஜேக்கின் முகத்துக்கு எதிரே நின்றால் அதன் முதுகு நம் பக்கம் இருக்கும். தோகை விரித்திருந்தால் இரண்டடி அகலத் திரை அதன் கண்ணுக்கும் நமக்கும் இடையில் விழுந்துவிடும். நாண் இழுப்பது அப்போதுதான்.

எப்போது இழுப்பது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். சேவல் முதலில் 25, 30 கஜத்தில் நின்று கழுத்தை நீட்டிப் பார்க்கும். பிறகு உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, இறக்கை நுனி தரையில் கோடு கிழிக்க, பக்கவாட்டில் நடந்து வரும். வெளுத்திருந்த தலை சிவக்கும். பொம்மையிடம் வந்ததும் ஒரு நொடி கழுத்தைத் தூக்கி உற்றுப் பார்க்கும். இந்த நேரத்தில் கை அசைந்தால் எல்லாம் போச்சு. பிறகு நெஞ்சால் ஒரு இடி, தலையில் ஒரு கொத்து, சில சமயம் எகிறி முள்ளால் ஒரு உதை. பொம்மை அரைச்சுற்றுச் சுழலும். சேவல் துள்ளி விலகி மறுபடி முகத்துக்கு எதிரே வரும். அந்த இரண்டாவது சுற்றுக்குக் காத்திருங்கள். சண்டையில் இறங்கிவிட்ட சேவல் வேறெதையும் கவனிக்காது.

இங்கே ஒரு சின்ன வேலை பெரிய பலன் தரும். பொம்மையோடு வரும் துணித் தோகையை எடுத்துவிட்டு அசல் ஜேக் வால் சிறகுகளைச் செருகுங்கள். ஜேக் தோகையில் நடுவில் உள்ள சில சிறகுகள் மட்டும் மற்றவற்றைவிட நீண்டு துருத்தி நிற்கும். முதிர்ந்த சேவலுக்கு ஒரே சீரான அரைவட்டம். விடலை உடம்பில் முதிர்ந்த தோகையை மாட்டினால் அது எட்டத்திலிருந்து பெரிய சேவலாகவே தெரியும், ஜேக்கின் பயன் கெட்டுவிடும். தோகையை முழுக்க விரிக்காமல் கால்வாசி விரித்தால் போதும்.

எங்கே தோற்கும்? அடிபட்டு ஒதுங்கிய இரண்டு வயதுச் சேவல்கள் ஜேக்கைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பும். பருவம் முடிகிற நேரத்தில் இப்படிப்பட்டவைதான் அதிகம்; அப்போது ஜேக்கைப் பையிலேயே வைத்துவிட்டுப் பெட்டையை மட்டும் நிறுத்துங்கள். நாலைந்து அசல் ஜேக்குகள் கூட்டமாக வந்து பொம்மையை மிதித்துத் தள்ளி, பின்னால் வந்துகொண்டிருந்த பெரிய சேவலை ஓடவைப்பதும் உண்டு. அதற்கு மருந்து இல்லை.

தோகை விரித்த சேவல்

விளம்பரங்களில் இதற்குத்தான் மவுசு. பருவத்தின் முதல் வாரத்தில், பெட்டைகள் சூழ இருக்கும் மூத்த சேவலை அந்தக் கூட்டத்தை விட்டு வெளியே இழுக்கும் வலு இதற்கு மட்டுமே உண்டு. ஆனால் அந்தக் காட்டில் மூத்த சேவல் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்றவையெல்லாம் இதைக் கண்டு விலகும்.

வில்லாளிக்கு இன்னொரு தலைவலி: பொம்மையின் தோகையே நம் அம்பின் வழியை அடைக்கும். அசல் சேவல் பொம்மைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டால் இரண்டடி அகலச் சிறகுத் தடுப்பு குறுக்கே நிற்கிறது. துப்பாக்கியும் அனுமதிக்கப்பட்ட பொது நிலத்தில் சிவந்த தலையும் விரிந்த தோகையும் இன்னொரு வேட்டைக்காரரின் குண்டுக்கு நேர் இலக்கு. தனியார் நிலம், அங்கே வேறு யாரும் இல்லை என்ற உறுதி, மூத்த சேவல் எது என்ற அடையாளம், மூன்றும் இருந்தால் மட்டும் இதைக் கையிலெடுக்கலாம்.

தோகை ஒன்றைக் கையில் பிடித்து அதன் மறைவில் தவழ்ந்து போகிற முறையை வில்லாளிகள் மறந்துவிடலாம். படுத்தபடி ரீகர்வ் நாணை இழுக்க முடியாது. வில்லிலேயே மாட்டும் பொம்மைகள் பெரும்பாலும் காம்பவுண்டுக்காகச் செய்தவை. மரவில்லில் மாட்டினால் எடை ஒரு பக்கம் சாயும், காற்றும் பிடிக்கும். தோகை மறைவில் தவழ்வதில் ஆபத்தும் அதிகம், அமெரிக்காவின் டென்னஸி மாநிலம் தன் வனவிலங்கு மேலாண்மை நிலங்களில் அந்த முறையைத் தடைசெய்திருக்கிறது.

பொம்மையே இல்லாமல்

சில இடங்களில் சட்டமே இதைத்தான் சொல்கிறது: அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பருவத்தின் முதல் 10 நாட்களுக்கு டெகாய் கூடாது. 15 கஜத்துக்கு மேல் கண் எட்டாத அடர்காட்டிலும் பொம்மை தேவையில்லை. குரலை மட்டும் நம்பி வரும் சேவல், பெட்டையைக் காணாததால் இன்னும் நெருங்கி வந்து தேடும். ஆனால் தேடுகிற சேவலின் கழுத்து நிமிர்ந்திருக்கும், கண் குரல் வந்த இடத்தைத் துழாவும், அந்த இடத்தில் நாம்தான் உட்கார்ந்திருக்கிறோம். கூடாரம் இல்லாத வில்லாளிக்கு இதுதான் மிகக் கடினம்.

எதனால் செய்தது?

ஏவியன்-எக்ஸ் போன்றவை காற்றடைத்து நிறுத்துவது. பார்வைக்கு அசல், மடித்தால் பைக்குள் அடங்கும். அம்பு பட்டால் காற்று இறங்கும், ஒட்டுப் போட வேண்டும். டேவ் ஸ்மித் டெகாய்ஸ் செய்வது கெட்டியான வகை. சேவல் உதையையும் அம்பையும் தாங்கும், விலையும் சுமையும் கூடுதல். 7 கஜத்தில் சேவலும் பொம்மையும் முட்டிக்கொண்டு நிற்கும்போது பொம்மையில் அம்பு பாய்வது சகஜம் என்பதால், ஜேக்குக்குக் கெட்டி வகையும் பெட்டைக்குக் காற்றடைத்ததும் என்று பிரித்து வாங்குவது புத்திசாலித்தனம். மோன்டானா டெகாய் துணிப் பொம்மைகள் மிக லேசு. நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு நல்லது, ஆனால் தட்டையானவற்றைச் சேவல் சுற்றி வரும்போது ஒரு கோணத்தில் பொம்மையே மறைந்துபோகும். மலிவான நுரைப் பொம்மையில் குளிர்காலையில் மடிப்பு நிமிராது. வண்டியின் ஹீட்டர் முன்னால் ஐந்து நிமிடம் வைத்தால் சரியாகும்.

எந்த வகையானாலும் காற்றில் முழுச்சுற்றுச் சுழன்றால் சேவல் மிரளும். வாலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு குச்சியை நட்டால் பொம்மை கொஞ்சம் மட்டும் ஆடி நிற்கும். ஆனால் ஜேக்கின் முகம் நம் பக்கமிருந்து திரும்பாதபடி குச்சிகளை நெருக்கி நடவேண்டும். பிளாஸ்டிக் வெயிலில் மினுங்கினால் மினுமினுப்பில்லாத ஸ்பிரே பெயின்டை லேசாக அடிக்கலாம்.

கூடாரத்துக்குள்

வான்கோழிகள் பாப்-அப் கூடாரத்தை (சட்டென விரித்து நிறுத்தும் மறைவுக் கூடாரம்), அன்று காலைதான் போட்டிருந்தாலும், பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. மூன்று விநாடி கையசைவை மறைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. பிரச்சினை வில்லின் நீளம். 66 அங்குல லாங்போவின் மேல்நுனி கூரையில் இடிக்கும், கீழ்நுனி நாற்காலிக் காலில் தட்டும். 58, 60 அங்குல ரீகர்வைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் பெரும்பாலான கூடாரங்களில் இடம் போதும். இருட்டில் உட்கார்ந்தவுடன் ஒருமுறை முழுசாக இழுத்துப் பாருங்கள். அம்பு ஜன்னலின் கீழ்விளிம்பில் உரசுகிறதா என்பதும் அப்போதே தெரியும். கண்ணுக்குத் தெரியும் சேவல் அம்புக்குத் தெரிய வேண்டியதில்லை, அம்பு கண்ணுக்குக் கீழே இருக்கிறது. ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும், பின்பக்கம் முழுக்க மூடியிருக்கட்டும், உள்ளே கறுப்புச் சட்டையும் கறுப்புக் கையுறையும்.

வலதுகைக்காரர் உட்கார்ந்த நிலையில் இடப்பக்கம் திரும்புவது எளிது, வலப்பக்கம் கஷ்டம். அதனால் பொம்மையை நேர் எதிரே வைக்காமல் சற்று இடப்புறம் வையுங்கள். 4 கஜத்துக்குள் வைத்தால் அம்பு செங்குத்தாகக் கீழ்நோக்க வேண்டிவரும்.

ஒன்டாரியோவில் வில் 700 மில்லிமீட்டர் இழுப்பில் குறைந்தது 18 கிலோ இழுபாரம் காட்ட வேண்டும்; அம்பு முனையின் அகலம் 22 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. விரிந்து திறக்கும் முனைகளைக் காம்பவுண்டுக்கு விட்டுவிடுங்கள். நம் வேகத்தில் அவை திறப்பதிலேயே பாதி விசை போய்விடும். சவரக்கத்திபோல் தீட்டிய நிலையான முனை போதும். சேவலின் உயிர்நிலை ஒரு சாத்துக்குடி அளவுதான். சிலுப்பிய சிறகு அதை மூன்று மடங்காகக் காட்டி ஏமாற்றும். முதுகு காட்டி நின்றால் குறி வைக்க வேண்டியது வால் சிறகுகளின் அடி ஒன்றுகூடும் இடம். பக்கவாட்டில் நின்றால் காலுக்கு நேர்மேலே உடம்பின் நடு; நெஞ்சுச் சதையில் பட்ட அம்போடு அது பறந்துவிடும். எதிரே நின்றால் தாடி முளைக்கும் இடத்துக்குச் சற்று மேலே.

பொம்மைகளைக் கொண்டுபோகும்போதும் வரும்போதும் ஆரஞ்சு நிறப் பைக்குள் மூடி எடுத்துச் செல்லுங்கள். ஒரு தலைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உடம்பில் சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் வேண்டாம், அவை சேவல் தலையின் நிறங்கள். வேறொரு வேட்டைக்காரர் உங்கள் பொம்மையை நோக்கி நகர்வது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், வான்கோழிக் குரலும் கொடுக்காதீர்கள். அசையாமல் இருந்தபடியே, அவர் காதில் விழும்படி மனிதக் குரலில் உரக்கப் பேசுங்கள்.