சனிக்கிழமை மொத்தமாகவா, வாரம் முழுக்கப் பிரித்தா?

ஸ்ட்ராங்மேன் (கனமான பொருட்களைத் தூக்கும், சுமக்கும்) போட்டிக்குத் தயாராகிறவர் யோக் (தோளில் சுமந்து நடக்கும் கனமான சட்டகம்), ஃபார்மர்ஸ் வாக் (இரு கையிலும் எடையைத் தூக்கிக்கொண்டு நடப்பது), லாக் பிரஸ் (தடித்த மரக்கட்டை போன்ற உருளையைத் தலைக்கு மேல் தூக்குவது), அட்லஸ் கல் (கனமான உருண்டைக் கல்லைத் தூக்குவது) எல்லாவற்றையும் சனிக்கிழமை ஒரே மூச்சில் பழகலாம்; ஜிம் நாட்களோடு சேர்த்துப் பிரித்தும் பழகலாம்.

ஒரே நாளில் செய்தால் போட்டியின் களைப்பு பழகிவிடும். கல் பெரும்பாலும் கடைசிச் சுற்றாகத்தான் வரும் என்பதால், ஓய்ந்த முதுகோடு அதைத் தூக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த இரண்டு மூன்று நாள் டெட்லிஃப்ட் (எடையைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்குவது) சரியாக வராது.

பிரித்துச் செய்தால் தோள் நாளில் லாக், டெட்லிஃப்ட் நாளில் ஃபார்மர்ஸ் வாக். உடம்பு களைக்காமல் இருக்கும்போதே நுணுக்கம் படியும். லாகின் தடிமனும் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிடியும் நேரான பார்பெல் கம்பியில் கிடைக்காது. அதனால் லாகை வாராவாரம் தொட்டே ஆக வேண்டும். புதியவருக்கு நான் பிரித்துச் செய்வதைத்தான் சொல்வேன். போட்டிக்கு 6 வாரம் இருக்கும்போது, சரி, சனிக்கிழமைக்கு மாறலாம்; கடைசி வாரம் மட்டும் எடையைக் குறைத்துவிடுங்கள்.