ஆஸ்கர் யாருக்கு? தண்டையார்பேட்டை கேரம் கிளப்பின் கணிப்புத் தாள்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

ஆஸ்கர் கணிக்க உட்காருகிறவர் முதலில் விட்டுவிட வேண்டிய கேள்வி, "எது நல்ல படம்?" என்பது. கேட்க வேண்டியது, "யார் ஓட்டுப் போடுகிறார்கள், அதை எப்படி எண்ணுகிறார்கள்?" இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் இருபத்துச் சொச்சம் பிரிவுகளில் பெரும்பாலானவை வசப்பட்டுவிடும். வருஷா வருஷம் கணிப்புத் தாள் நிரப்பி வருகிறவன் என்கிற முறையில், எந்த அளவுகோல் உழைக்கிறது, எது உதவாது என்று இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக ஆர்வம் வந்தவர்களுக்குப் பயன்படும்.

எங்கள் ஏற்பாடு எளிது. தண்டையார்பேட்டையில் நாங்கள் கூடுகிற கேரம் கிளப்பில், பரிந்துரைப் பட்டியல் வந்ததும் எல்லாப் பிரிவையும் ஒரு தாளில் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவோம். டிக் போட்டுக் கையெழுத்திட்ட தாள்கள் எல்லாம் ஞாயிறு இரவு, போர்டு பவுடர் வைக்கிற அலமாரிக்குள் போய்ப் பூட்டப்படும். அதிகம் சரியாகச் சொன்னவருக்கு மற்றவர்கள் சேர்ந்து பிரியாணி. பணம் வைத்து ஆடுவதில்லை, அதில் கண்டிப்பாக இருக்கிறோம். விழா நமக்குத் திங்கள் விடியற்காலை. 2023-இல் ஐந்தரைக்குத் தொடங்கியது, 2024-இல் நாலரைக்கே தொடங்கிவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள் கிளம்புவதற்குள் பாதி முடிவு தெரிந்துவிடுவதால் எங்களுக்கு இது நல்ல மாற்றம்.

எனக்கு இந்த ஆர்வம் பிடித்தது 2009-இல். ஏ.ஆர்.ரஹ்மான் 'ஸ்லம்டாக் மில்லியனர்' இசைக்காக ஆஸ்கர் வாங்கி, அந்த மேடையில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்ன காலை. அன்று பலருக்கு அது திடீர்ச் செய்தி. ஆனால் அதே இசைக்காக ஜனவரியில் கோல்டன் குளோப் விருதும் பிப்ரவரியில் பிரிட்டனின் பாஃப்டா விருதும் அவர் ஏற்கெனவே வாங்கியிருந்தார். பாட்டுப் பிரிவில் போட்டிக்கு இருந்ததே மூன்று பாட்டு, அதில் இரண்டு அவருடையவை. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும், ஆஸ்கருக்கு முன்னால் வருகிற விருதுகளை உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தேன்.

அந்த முன் விருதுகள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. கோல்டன் குளோபுக்கும் விமர்சகர் விருதுகளுக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள் பத்திரிகைக்காரர்கள். அவர்களுக்கு ஆஸ்கரில் ஓட்டு இல்லை. எந்தப் படத்தைப் பற்றி ஊர் பேசுகிறது என்று தெரிந்துகொள்ள அவை உதவும், அவ்வளவுதான். தொழிற்சங்க விருதுகள் அப்படியல்ல. அமெரிக்க இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர் சங்கங்களின் உறுப்பினர்களில் ஒரு பகுதியினர், ஆஸ்கர் கொடுக்கிற அகாடமியிலும் உறுப்பினர்கள். ஒரே கை இரண்டு இடத்திலும் ஓட்டுப் போடுகிறது.

இவற்றில் இயக்குநர் சங்க விருதுக்கு நிகரான அளவுகோலை நான் பார்த்ததில்லை. 1940-களின் கடைசியிலிருந்து கொடுத்து வருகிறார்கள். அதை வாங்கியவருக்கு ஆஸ்கர் இயக்குநர் விருது கிடைக்காமல் போனது 2025 வரைக்கும் எட்டே முறை. அதிலும் மூன்று முறை அந்த இயக்குநருக்கு ஆஸ்கரில் பரிந்துரையே கிடைக்கவில்லை. கடைசியாகப் பிசகியது 2020-இல், சங்க விருது சாம் மெண்டிஸுக்குப் போக, ஆஸ்கரை 'பாரசைட்' எடுத்த போங் ஜூன்-ஹோ வாங்கினார். இந்தப் பிரிவில் மூளையைக் கசக்கவே வேண்டாம், சங்கம் சொன்ன பெயருக்கு டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

நடிப்புப் பிரிவுகளில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அமெரிக்க நடிகர் சங்கமும் பிரிட்டனின் பாஃப்டாவும் ஒரே பெயரைச் சொன்னால் வேலை முடிந்தது. பிரிந்து நின்றால்? 2021-இல் சாட்விக் போஸ்மனுக்கு நடிகர் சங்கம், ஆண்டனி ஹாப்கின்ஸுக்கு பாஃப்டா, ஆஸ்கர் ஹாப்கின்ஸுக்கு. 2024-இல் லில்லி கிளாட்ஸ்டோனா எம்மா ஸ்டோனா என்று இழுத்துக்கொண்டு போய், பாஃப்டா வாங்கிய எம்மா ஸ்டோன் ஜெயித்தார். 2025-இல் டெமி மூர் வருவார் என்று எல்லோரும் சொன்னபோது பாஃப்டா வாங்கிய மைக்கி மேடிசன் வந்தார். 2023-இல் தலைகீழ், நடிகர் சங்கம் சொன்ன மிஷெல் யோதான் ஜெயித்தார். எனக்குப் புரிகிற காரணம் இது: நடிகர் சங்கத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், ஏறக்குறைய எல்லோரும் அமெரிக்காவில் வேலை செய்கிறவர்கள். அகாடமியோ 2016-க்குப் பிறகு வெளிநாடுகளிலிருந்து ஏராளமான பேரைச் சேர்த்துக்கொண்டது. அந்த வெளிநாட்டு மனசு பாஃப்டாவில்தான் முதலில் தெரிகிறது. இரண்டும் முட்டினால் நான் பாஃப்டா பக்கம்.

இனி சிறந்த படம். கணிப்பிலேயே ருசியான இடம் இது, நிறையப் பேர் சறுக்குகிற இடமும் இதுதான். மற்ற பிரிவுகளில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார். சிறந்த படத்துக்கு மட்டும், 2010 விழாவிலிருந்து, ஒவ்வொரு உறுப்பினரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டுத் தரவேண்டும். வாயால் விளக்கினால் யாருக்கும் ஏறாது என்று கிளப்பில் செய்தே காட்டினேன். அந்த வருஷம் வந்த நான்கு தமிழ்ப் படங்களை எழுதி இருபது பேரிடம் சீட்டு வாங்கி, கேரம் போர்டின் மேலேயே நான்கு குவியலாக வைத்தோம். பெரிய ஹீரோவின் மாஸ் படத்துக்கு முதலிடம் எட்டு, குடும்பப் படத்துக்கு ஆறு, புது இயக்குநரின் சின்னப் படத்துக்கு நான்கு, பேய்ப் படத்துக்கு இரண்டு. பாதிக்கு மேல் வேண்டும், அதாவது பதினொன்று. யாருக்கும் இல்லை. கடைசியில் இருந்த பேய்ப் படத்தை எடுத்துவிட்டு அந்த இரண்டு சீட்டிலும் இரண்டாம் இடத்தைப் பார்த்தால், இரண்டிலும் குடும்பப் படம். இப்போது எட்டுக்கு எட்டு. அடுத்து சின்னப் படத்தின் நான்கு சீட்டையும் பிரித்தோம். மூன்று குடும்பப் படத்துக்குப் போனது, ஒன்றுதான் மாஸ் படத்துக்கு. பதினொன்றுக்கு ஒன்பது.

"இன்னாண்ணே இது, எட்டு வாங்குன படம் ஆறு வாங்குனதுகிட்ட தோத்துடுச்சே!" என்று ஒரு தம்பி சீட்டுகளை மறுபடி எண்ணவே ஆரம்பித்துவிட்டான். எண்ணிக்கை சரிதான். மாஸ் படத்தைப் பிடித்தவர்களுக்கு அது உயிர், பிடிக்காதவர்கள் அதைக் கடைசியில் எழுதியிருந்தார்கள். குடும்பப் படத்தை யாரும் கடைசியில் எழுதவில்லை.

இதைக் கண்ணால் பார்த்தவருக்கு 2017 புரியும். 14 பரிந்துரைகளோடு வந்து, இயக்குநர் சங்கம், தயாரிப்பாளர் சங்கம் இரண்டிலும் வென்ற 'லா லா லேண்ட்' இயக்குநர் விருதை வாங்கியது, சிறந்த படம் 'மூன்லைட்'டுக்குப் போனது. மேடையில் கவர் மாறிப்போன குழப்பத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2022-இல் 'கோடா' மூன்றே பரிந்துரையோடு வந்தது. இயக்குநருக்கும் இல்லை, எடிட்டிங்குக்கும் இல்லை. மூன்றையும் வென்றது, சிறந்த படம் உட்பட. யாருக்கும் வெறுப்பு வராத படம். தயாரிப்பாளர் சங்கமும் இதே வரிசை முறையில் எண்ணுவதால் அதன் முடிவு நெருங்கி வரும். ஆனாலும் 2016, 2017, 2020 மூன்றிலும் தவறியிருக்கிறது. ஆகவே அதை எடுத்துக்கொண்டு, "இந்தப் படத்தைக் கண்டால் ஆகாதவர்கள் எத்தனை பேர்?" என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்பேன்.

ஒலிப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கிளப்பில் திருவிழாவுக்கும் கானா கச்சேரிக்கும் மைக்செட் போடுகிற தம்பி ஒருவன் உண்டு. ஒலி வேலையை அவனளவுக்குக் காது கொடுத்துக் கேட்கிறவர் எங்களில் யாரும் இல்லை. "தொழில் தெரிஞ்சவன் ஓட்டு போட்டா வேற படம்ணே" என்பான். உண்மைதான். பரிந்துரைக்கும்போது அந்தந்தத் துறைக்காரர்கள் தேர்ந்தெடுப்பார்கள், இறுதி ஓட்டை அகாடமி முழுக்கப் போடும். ஆகவே நுட்பமான வேலையைவிட, காதில் விழுகிற வேலைக்குத்தான் வாய்ப்பு. இசை, விமானம், போர் என்று ஒலியே கதையாக இருக்கிற படத்தைப் பாருங்கள். உடை, ஒப்பனைக்கும் இதே கணக்குதான்.

நம் ஊர் விஷயமும் சொல்ல வேண்டும். 2023-இல் 'நாட்டு நாட்டு' ஜெயித்ததில் கணிப்பாக ஒன்றும் இல்லை, கோல்டன் குளோபிலிருந்து அதன் பெயர்தான் ஓடியது. அதே காலையில் முதுமலை தெப்பக்காட்டு பொம்மனும் பெள்ளியும் வளர்த்த யானைக்குட்டிகளின் ஆவணக் குறும்படம் விருது வாங்கியபோது கிளப்பே எழுந்து நின்றது. வெளிநாட்டுப் படப் பிரிவில் மட்டும் பாசத்தை ஒதுக்கி வையுங்கள். இந்தியா அனுப்பிய படங்களில் இதுவரை பரிந்துரை எட்டியவை மூன்றுதான், கடைசியாக 2002-இல். 'விசாரணை', 'கூழாங்கல்' இரண்டும் இங்கிருந்து போய்ப் பட்டியலுக்கு வெளியே நின்றன. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

நிபுணர்களின் கணிப்பைத் திரட்டித் தருகிற இணையதளங்களைக் கடைசி வாரத்தில் மட்டும் பாருங்கள். அதற்கு முன் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதுதான் அதிகம்.

2026-இன் 98-ஆவது விழாவிலிருந்து இரண்டு மாற்றம். ஒரு பிரிவின் பரிந்துரைப் படங்கள் அனைத்தையும் பார்த்தவர்தான் அதில் இறுதி ஓட்டுப் போடலாம் என்று விதி வந்துவிட்டது. பேர்பெற்ற படத்துக்கே எல்லாவற்றிலும் டிக் போடுவது இதனால் குறையும் என்று எதிர்பார்க்கிறேன். குறும்படப் பிரிவுகளை இனி முடிந்தவரை பார்த்துவிட்டே நிரப்புங்கள். இன்னொன்று, நடிகர் தேர்வுக்கென்று தனிப் பிரிவு சேர்ந்திருக்கிறது. பழைய கணக்கு இல்லாத பிரிவு. நடிகர் சங்கத்தின் கூட்டு நடிப்பு விருதை நான் அதற்கு அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன், இன்னும் நாலைந்து விழா போனால் அது தாங்குகிறதா என்று தெரியும்.