சமூகப் பொருளாதார உரிமைகள் பற்றிய இணையவழிப் படிப்பு: சேரலாமா?

தாராளமாகச் சேரலாம், சட்டம் படிக்காதவர்களும்கூட. வீடு, மருத்துவம், உணவு, தண்ணீர் எல்லாம் அரசு மனமிரங்கிச் செய்யும் உதவியா, குடிமக்கள் கேட்டு வாங்கும் உரிமையா என்று முதல் வகுப்பிலேயே நேராகக் கேட்டுவிடுகிறார்கள். இந்த உரிமைகளுக்கான 1966 ஐ.நா. உடன்படிக்கை சட்டென்று முடிந்துவிடுகிறது, பரவாயில்லை.

படிப்பின் உயிர் தென்னாப்பிரிக்கப் பகுதிதான். 1996 அரசியலமைப்பின் 26, 27ஆம் பிரிவுகள், இருக்கும் வளத்துக்குள் இந்த உரிமைகளைப் படிப்படியாக நிறைவேற்ற அரசு நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கின்றன. சரி, படிப்படியாக என்று சொல்லியே காலம் கடத்தலாமே என்று யாருக்கும் தோன்றும். அதற்குத்தான், வீடில்லாதவர்கள் தொடுத்த வழக்கில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2000இல் தந்த குரூட்பூம் தீர்ப்பைப் பத்தி பத்தியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள்: எல்லோருக்கும் உடனே வீடு கொடு என்று நீதிமன்றம் சொல்லவில்லை, ஆனால் தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்களை அடியோடு மறந்த திட்டம் நியாயமானதே அல்ல என்றது. இவ்வளவு தெளிவாக இதை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

குறை என்றால், தீர்ப்போடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். வழக்காடிய ஐரீன் குரூட்பூம் 2008இல் இறந்தபோதும் குடிசையில்தான் இருந்தார்; அதைச் சொல்லாமல் இந்த வழக்கைக் கற்பிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அப்புறம் இந்தியா. அரசு பின்பற்ற வேண்டிய வழிகாட்டுக் கொள்கைகளைச் சொல்லும் அரசியலமைப்பின் நான்காம் பாகத்தை நீதிமன்றத்தில் நேரடியாக வலியுறுத்த முடியாது என்ற 37ஆம் பிரிவையும், 21ஆம் பிரிவின் வாழ்வுரிமைக்குள் நீதிமன்றம் வாழ்வாதாரத்தைக் கொண்டுவந்ததையும் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள், இரண்டு வகுப்பாவது ஒதுக்கியிருக்கலாம். சேருகிறவர்கள் தீர்ப்புகளின் முழு வடிவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.