பங்காளி ஜெயித்தால் கைதட்டலாமா?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பெரிய அணிகள் கிட்டத்தட்ட எல்லாமே ஏதாவது ஒரு கான்ஃபரன்ஸில், அதாவது அணிகளின் கூட்டமைப்பில், இருக்கும். யாரோடு யார் ஆடுவது என்பதும், டிவி ஒப்பந்தமும், அதில் வரும் பணமும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான். அதனால் பரம எதிரியே பங்காளியாகவும் அமைந்துவிடுவான். வருஷம் பூராவும் அவன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ரசிகர், அவன் வெளி அணி ஒன்றோடு கோப்பைக்கு மோதும்போது யார் பக்கம் நிற்பது? ரசிகர்களில் இரண்டு கட்சி உண்டு. 'நம்ம கான்ஃபரன்ஸ் ஜெயித்தால் நமக்கும் லாபம்' என்பது ஒன்று. 'அவன் யாரிடம் தோற்றாலும் எனக்குச் சந்தோஷம்' என்பது மற்றொன்று.

முதல் கட்சியின் கோட்டை தெற்கு மாநிலங்களின் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸ். 2006 முதல் 2012 சீசன் வரை அமெரிக்கக் கால்பந்தின் தேசியப் பட்டம் தொடர்ந்து ஏழு முறை அங்கேதான் போனது. ஃபுளோரிடா, எல்.எஸ்.யு., அலபாமா, ஆபர்ன் என்று நான்கு அணிகள் பங்கு போட்டுக்கொண்டன. வெளி அணியைச் சாய்த்ததும் ரசிகர் கூட்டம் தன் அணியின் பெயரை விட்டுவிட்டு 'எஸ்-இ-சி, எஸ்-இ-சி' என்று கோஷம் போடும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதன் பின்னால் ஒரு கணக்கு இருந்தது.

2011-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கெடுப்பையும் கணினித் தரவரிசையையும் கலந்து, இறுதிப் போட்டிக்கு இரண்டே அணிகளைப் பொறுக்கிய காலம் அது. அலபாமா தன் சொந்த மைதானத்திலேயே எல்.எஸ்.யு.விடம் 9-6 என்று தோற்றிருந்தது. கான்ஃபரன்ஸ் பட்டமும் இல்லை. இன்னொரு பக்கம் ஓக்லஹோமா ஸ்டேட், ஒரே தோல்வியோடு பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸின் பட்டத்தை வென்று காத்திருந்தது. ஆனாலும் இடம் கிடைத்தது அலபாமாவுக்கு. 2012 ஜனவரியில் அதே எல்.எஸ்.யு.வை 21-0 என்று துவைத்துப் பட்டத்தையும் தூக்கியது. எஸ்.இ.சி. என்ற பெயருக்கு அன்றிருந்த மவுசு இல்லாமல் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்த மவுசைக் கூட்டியவர்களில் முந்தைய சீசனின் சாம்பியன் ஆபர்னும் ஒன்று.

ஆபர்னும் அலபாமாவும் எப்படிப்பட்ட பங்காளிகள் என்று சொன்னால்தான் இதன் சுவை தெரியும். ஒரே மாநிலம், ஆண்டுக்கொரு மோதல். 2010-இல் 24-0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன் 28-27 என்று ஜெயித்தது. வெற்றி நாட்களில் ஆபர்ன் ரசிகர்கள் தங்கள் ஊரின் டூமர்ஸ் கார்னரில் நிற்கும் ஓக் மரங்கள் மேல் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசிக் கொண்டாடுவார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு ஒரு அலபாமா ரசிகர் போய் அந்த மரங்களுக்குக் களைக்கொல்லி ஊற்றினார். செய்ததோடு நிற்காமல் ரேடியோ நிகழ்ச்சிக்கே போன் போட்டுப் பெருமையாகச் சொன்னார். மரங்கள் பிழைக்கவில்லை, 2013-இல் வெட்டி எடுத்தார்கள். எஸ்.இ.சி.க்காக ஆபர்னுக்குக் கைதட்டு என்று இவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

அதே 2013 நவம்பர் 30. ஆட்டம் 28-28. மீதி ஒரே ஒரு விநாடி. நம்பர் ஒன் அலபாமா 57 கஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பம் வரை எட்டவில்லை. ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் மறுமுனை வரை ஓடினார். 34-28. ஐந்து வாரம் கழித்து ஆபர்ன் தேசிய இறுதிப் போட்டியில் ஃபுளோரிடா ஸ்டேட்டோடு ஆடியது. ஜெயித்திருந்தால் எஸ்.இ.சி.க்குத் தொடர்ந்து எட்டாவது பட்டம். கடைசி 13 விநாடி இருக்கும்போது ஃபுளோரிடா ஸ்டேட் முந்தி 34-31 என்று முடித்தது. அந்த நேரத்தில் துள்ளிக் குதித்த அலபாமா ரசிகர் யாராவது இருந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டு கட்சிக்கும் நடுவில் காலண்டர் என்று ஒன்று இருக்கிறது. அதை ஏனோ பலர் கவனிப்பதில்லை. இப்போது தேசியப் பட்டத்தை முடிவுசெய்வது ப்ளே ஆஃப் என்ற நாக்-அவுட் சுற்று. அதில் ஆடும் அணிகளைத் தேர்வுக் குழு டிசம்பர் தொடக்கத்தில் அறிவித்துவிடும். சீசன் தொடக்கத்தில், செப்டம்பரில், எதிரி வெளி அணியை வென்றால், நாளைக்கு நாம் அவனை வெல்லும்போது நம் வெற்றிக்கு மதிப்புக் கூடும். அப்போது கைதட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. டிசம்பருக்குப் பிறகு அவன் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன? அந்த வருஷத்துத் தேர்வு ஏற்கெனவே முடிந்த கதை. அடுத்த வருஷத்துக்குப் பெயராவது மிஞ்சும் என்பார்கள். பன்னிரண்டு அணி முறை வந்த 2024-இல், மூன்று தோல்வியோடு வந்த அலபாமாவைக் குழு வெளியே நிறுத்திவிட்டது. தோற்ற மூன்றும் எஸ்.இ.சி. அணிகளிடம்தான், அதில் ஒன்று நோஞ்சான் என்று பெயர் வாங்கிய வாண்டர்பில்ட்! பெயர் காப்பாற்றவில்லை.

சரி, பணம்? அதே 2024 சீசனில் ஒஹாயோ ஸ்டேட் பட்டம் வென்றது. முதல் சுற்றுக்கு 40 லட்சம் டாலர், காலிறுதிக்கு 40, அரையிறுதிக்கு 60, இறுதிக்கு 60 என்று மொத்தம் 2 கோடி டாலர் பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு. பதினெட்டு அணிக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்குச் சுமார் 11 லட்சம். அதே பிக் டெனில் ஒஹாயோவின் பரம எதிரி மிச்சிகன். அதன் விளையாட்டுத் துறையின் ஆண்டு வரவோ 20 கோடி டாலருக்கு மேல். இந்தச் சில்லறைக்காக ஒரு மிச்சிகன் ரசிகர் ஒஹாயோவுக்குக் கைதட்ட வேண்டுமாம். மிச்சிகனோடு ஆடும் வாரத்தில் தன் வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் இருக்கும் 'எம்' எழுத்தையெல்லாம் சிவப்பு டேப்பால் அடித்து வைக்கிற கூட்டம் அது. தவிர, எதிரி வாங்கும் கோப்பை நம்மை நேராகக் கடிக்கும் இடமும் ஒன்று உண்டு. அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் இரண்டு பேரும் வலைவீசும் அதே பையன்கள், கோப்பை இருக்கும் பக்கம்தான் முதலில் திரும்புவார்கள்.

போதாததற்கு, கான்ஃபரன்ஸுக்கு விசுவாசமாக இருந்தாலும் கான்ஃபரன்ஸ் நமக்கு விசுவாசமாக இருக்காது. பசிபிக் கரையின் பாக்-12-ஐ விட்டுப் பத்து அணிகள் 2024-இல் கிளம்பின. மிஞ்சியவை ஒரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். கிளம்பும் முடிவை முன்பே எடுத்துவிட்ட வாஷிங்டன், 2023 நவம்பரில் வாஷிங்டன் ஸ்டேட்டை 24-21 என்று கடைசி உதையில் தோற்கடித்து, பிறகு தேசிய இறுதிப் போட்டிக்கும் போனது. 'நம்ம பாக்-12 அணி ஆயிற்றே' என்று வாஷிங்டன் ஸ்டேட் ரசிகர்களிடம் யார் சொல்வது?

ஆகக் கால்பந்தில் என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு, செப்டம்பர் நீங்கலாக. உங்களுக்குப் பகையே இல்லாத மற்ற கான்ஃபரன்ஸ் அணிகள் ஜெயித்தால் தாராளமாகக் கொண்டாடுங்கள், அதில் யாருக்கும் வலிக்காது.

கூடைப்பந்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மார்ச் மாதத் தேசியப் போட்டியில் ஓர் அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதன் கான்ஃபரன்ஸுக்கு ஒரு யூனிட், அதாவது ஒரு பணப் பங்கு, கிடைக்கும். ஆறு வருஷத்தில் சேர்த்துப் பார்த்தால் ஒரு யூனிட் சுமார் 20 லட்சம் டாலர். பங்காளி அடுத்த சுற்றுக்குப் போகப் போக வரவு ஏறும், ஆகவே முதல் கட்சிக்கு இங்கே வலு அதிகம். 2022-இல் டூக் அணியை அரையிறுதியில் 81-77 என்று வெளியேற்றியது, எட்டு மைல் தள்ளியிருக்கும், அதே கான்ஃபரன்ஸைச் சேர்ந்த வட கரோலைனா. டூக்கின் கோச் மைக் சஷெவ்ஸ்கிக்கு அதுதான் கடைசி ஆட்டம். இரண்டு நாள் கழித்து நடந்த இறுதியில் வட கரோலைனா இடைவேளையில் 15 புள்ளி முன்னிலை வைத்திருந்தும் கன்சாஸிடம் 72-69 என்று தோற்றது. இறுதி ஆட்டத்துக்கு மட்டும் யூனிட் கிடையாது. அன்றிரவு கன்சாஸுக்குக் கைதட்டிய டூக் ரசிகரால் அவர் கான்ஃபரன்ஸுக்கு ஒரு சென்ட்கூட நஷ்டமில்லை.