ஆறு வருடம் ஜிசியோடு: உலையிலிருந்து வரும் வாயுவை அளந்த அனுபவம்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு குவார்ட்ஸ் குழாய் உலை இருக்கிறது. டொலுயீன் ஆவியை நைட்ரஜனில் கலந்து 1100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, என்னென்ன வாயு எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம். ஆறு வருடமாக அளந்து தருவது ஒரு கேஸ் குரோமேட்டோகிராஃப், சுருக்கமாக ஜிசி. கலந்து வரும் வாயுக்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஒரு முகடாக, அதாவது பீக்காக, காட்டும் கருவி.

வேகத்தை எதிர்பார்த்து இதை வாங்க வேண்டாம். எங்களுக்கு ஒரு மாதிரி ஓடி முடிய முக்கால் மணி நேரம் ஆகிறது. அதிர்ச்சி அலையால் வாயுவை நொடியில் சூடாக்கும் ஷாக் டியூப் வைத்திருப்பவர்களுக்கு எல்லாமே சில மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். அவர்களுக்கு லேசர்தான் சரி. ஆனால் மூலக்கூறுகளை நிறை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன், எத்திலீன் மூன்றும் நிறை எண் 28-லேயே வந்து நிற்கும். ஜிசியில் மூன்றும் தனித்தனி பீக். எனக்கு அந்த நிம்மதி போதும்.

ஜிசியில் உள்ள எஃப்ஐடி டிடெக்டர் (சுடரில் எரித்து அளப்பது) ஹைட்ரோகார்பனை அருமையாகக் காட்டும், கார்பன் மோனாக்சைடைக் காட்டாது. அதனால் ஆக்சிஜன் சேர்த்து எரிக்கும் நாட்களில் நிக்கல் வினையூக்கி உள்ள மெத்தனைசர் என்ற இணைப்புக் கருவி கட்டாயம். அது கார்பன் மோனாக்சைடையும் டையாக்சைடையும் மீத்தேனாக மாற்றித் தரும். ஹைட்ரஜனை அளக்க டிசிடி (வெப்பம் கடத்தும் திறனை வைத்து அளக்கும் டிடெக்டர்) வேண்டும், அதில் கேரியர், அதாவது மாதிரியைச் சுமந்து செல்லும் வாயு, ஹீலியமாக இருந்தால் பீக் சரியாக வராது, ஆர்கானுக்கு மாற்றினோம்.

இரண்டாம் வருடம் கார்பன் கணக்கு 90 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. உள்ளே போன கார்பனில் பத்தில் ஒரு பங்கு எங்கே போனது? மூன்று வாரம் காலிபரேஷனையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசியில் உலைக்கும் ஜிசிக்கும் நடுவில் உள்ள குழாயின் இணைப்பைக் கழற்றியதும் குப்பென்று அந்துருண்டை வாசனை. உள்ளே வெள்ளை வெள்ளையாகச் செதில்: நாஃப்தலீன். குழாயைச் சூடாக வைக்கச் சுற்றியிருந்த ஹீட்டிங் டேப் இரண்டு விரல் அகலம் விலகியிருந்தது, அந்த இடம் மட்டும் ஆறிப்போயிருக்கிறது. டேப்பை இறுக்கிச் சுற்றி, அந்தக் குழாய் முழுவதையும் 180 டிகிரியில் வைத்த பிறகு கணக்கு 98-க்கு வந்தது.

குறை என்றால் ஜிசிக்குள் வாயுக்களைப் பிரிக்கும் மாலிகுலர் சீவ் குழாய்தான். ஈரம் ஏற ஏற பீக்குகள் முன்னால் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரவு முழுக்க 300 டிகிரியில் வைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

புதிதாக அமைக்கிறீர்கள் என்றால், உலையிலிருந்து ஜிசிக்குப் போகும் குழாயில் உள்ள ஒவ்வொரு இணைப்பிலும் வெப்பநிலையை அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் தனியாகக் கட்டிவிடுங்கள். நாங்கள் இப்போது ஐந்து கட்டியிருக்கிறோம்.