பெரிய மீன் தொட்டி: தரைத்தளத்திலா, மாடியிலா?

150 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் உள்ள தொட்டியில் 540 லிட்டர் பிடிக்கும், அதாவது தண்ணீர் மட்டுமே 540 கிலோ. கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 700 கிலோ எளிதில் வந்துவிடும்.

மண்ணின் மேல் நேரடியாகப் போட்ட கான்கிரீட் தரை என்றால் பெரிதாக யோசிக்க வேண்டாம். மட்டம் மட்டும் பாருங்கள்.

மாடிதான் சிக்கல். வீட்டு மாடிகளைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில்தான் கணக்குப் போட்டுக் கட்டுவார்கள், தொட்டியோ ஒரு சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில் அத்தனை எடையையும் இறக்கிவிட்டு வருடக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். உடனே இடிந்து விழும் என்றில்லை, அந்த 200 கிலோ, அறையின் எல்லாச் சதுர மீட்டரிலும் ஒரே நேரத்தில் ஏறும் சுமைக்கான கணக்கு. ஆனால் இடம் முக்கியம்: அறையின் நடுவே வைத்தால் தளம் அதிகம் வளையும், சுமை தாங்கும் சுவரை ஒட்டி வைத்தால் குறைவு. மரத் தளமா? தொட்டி விட்டங்களுக்குக் குறுக்கே இருக்கட்டும், இல்லையென்றால் ஒன்றிரண்டு விட்டங்களே மொத்தத்தையும் சுமக்கும். நிரப்பும்போது நீர்மட்டம் ஒரு பக்கம் மட்டும் விளிம்பை நெருங்கினால் தொட்டி சாய்கிறது, அப்புறம் யோசிக்காமல் தண்ணீரை இறக்கிவிடுங்கள்.

இந்த அளவுக்கு என் ஓட்டு தரைத்தளத்துக்குத்தான். சரி, மாடியில்தான் வேண்டுமா? வாங்கும் முன்பே ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள், தொட்டி விற்பவரிடம் கேட்காதீர்கள்.