முகவரியில் இருக்கும் ஊர்ப்பெயரை நம்பி வீடு வாங்காதீர்கள்

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புறநகர்கள். உண்மைப் பெயர் எதற்கு, கிழக்கு ஊர், மேற்கு ஊர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே ஒரு சாலை. ஆறு மாதம் அலைந்து, கிழக்கு ஊரில்தான் வீடு வாங்குவது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். வாங்கியும் விட்டோம். குடிவந்த பிறகுதான் தெரிந்தது, வீடு இருப்பது மேற்கு ஊரில்.

சிரிப்பு வரும்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நாங்களும் சிரித்திருப்போம்.

கிழக்கு ஊரில் பள்ளி நன்றாக இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, பாதாளச் சாக்கடை உண்டு. விலைதான் கைக்கு எட்டவில்லை. அலுத்துப்போயிருந்த நேரத்தில் தரகர் ஒருவர் கூப்பிட்டு, "கிழக்கு ஊர்லயே ஒண்ணு இருக்கு சார். ஊர் சராசரியைவிட பத்து சதவீதம் கம்மி" என்றார். போய்ப் பார்த்தோம். வாசல் பலகையில் கிழக்கு ஊர். மின்கட்டண ரசீதில் கிழக்கு ஊர். அஞ்சல் குறியீடும் அதே. இதற்கு மேல் என்ன பார்ப்பது என்று இருந்துவிட்டோம்.

அஞ்சல் எல்லை வேறு, உள்ளாட்சி எல்லை வேறு. தபால் எந்த அலுவலகத்திலிருந்து கிளம்பி வருகிறதோ, அந்த ஊரின் பெயர் முகவரியில் ஒட்டிக்கொள்ளும். வரியும் தண்ணீரும் குப்பை வண்டியும் உள்ளாட்சிக் கோட்டைப் பார்த்துத்தான் வரும். வசிப்பிடம் பார்த்துச் சேர்க்கிற பள்ளி என்றால் அதற்குத் தனியாக இன்னொரு கோடு. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக விழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பத்திரத்தில் உள்ளாட்சி என்ற இடத்தில் மேற்கு ஊரின் பெயர் இருந்தது. கையெழுத்துப் போடும்போது மனைவி அதைக் கவனித்துக் கேட்கவும் செய்தாள். "அது பழைய எல்லைங்க மேடம், இப்போ எல்லாம் ஒண்ணுதான்" என்றார் தரகர். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை மனைவி இன்னும் மறக்கவில்லை.

பள்ளியில் கதவிலக்கத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று விஷயம் வெளியே வந்தது. அடுத்து மேற்கு ஊரின் வரி ரசீது வந்தது. எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாயே போடவில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தால், லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டிய கடினத்தன்மை. அந்த அளவைத் தாண்டினாலே மிகக் கடின நீர் என்ற வகைதான். சுடுநீர்க் கருவிக்குள் சுண்ணாம்பு படிய ஆரம்பித்துவிட்டது. சாக்கடை இணைப்பும் இல்லை, செப்டிக் டேங்க்.

சரி, ஊர்தான் மாறிப்போச்சு, விலையாவது குறைவாகக் கிடைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அதிலும் மண். தரகர் இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டு அழகாக ஒரு அட்டவணை தந்திருந்தார். ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் அதை எடுத்து வைத்துப் பார்த்தேன். கிழக்கு ஊருக்குச் சராசரி விலை போட்டிருந்தார், மேற்கு ஊருக்கு இடைநிலை விலை. ஒரு ஊரில் ஐந்து வீடுகள் 40, 42, 45, 48, 125 என்று விற்றதாக வையுங்கள். கூட்டி வகுத்தால் சராசரி 60. வரிசையில் நடுவே நிற்பது 45, அதுதான் இடைநிலை. ஒரே ஒரு பங்களா சராசரியைத் தூக்கிவிட்டது. சராசரியில் பத்து சதவீதம் குறைவு என்றால் 54. அதாவது, கிழக்கு ஊரின் நடுத்தர வீட்டைவிட அதிகம் கொடுத்து மேற்கு ஊரில் வாங்கியிருக்கிறோம்! அட்டவணையில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிடம் என்று எழுதியிருந்ததும் பொய் இல்லை. ஞாயிறு காலையில் கூட்டிப்போய்க் காட்டினார். வேலை நாளில் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது எவ்வளவு ஆகும் என்று நாங்களும் கேட்கவில்லை.

வெள்ளம் பற்றிக் கேட்டோம். "நூறு வருஷத்துக்கு ஒருதடவை வர்ற வெள்ளம்தான் சார் இங்கெல்லாம்" என்றார். நூறு வருட வெள்ளம் என்றால் வந்தபின் நூறு வருடம் நிம்மதியாக இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு வருடமும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு. 30 வருடக் கடன் அடைப்பதற்குள் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு, நாலில் ஒன்று. நடுச்சாலையை உயர்த்திப் போட்டிருக்கிறார்கள், மழைநீர் எங்கள் பக்கம்தான் தேங்குகிறது. எதிர்ப்புறம் காய்ந்து கிடக்கும். முதல் மழையில் மாடி ஜன்னலில் நின்று அதைப் பார்த்தது ஒரு அனுபவம்.

வக்கீலிடம் போனோம். தரகரின் தாளில் அடியில் பொடி எழுத்தில் "விவரங்கள் தோராயமானவை, வாங்குபவர் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்" என்று இருக்கிறது. வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. வக்கீல் கட்டணத்தோடு அந்தக் கதை முடிந்தது.

இரண்டு ஊர்களை ஒப்பிட எங்களுக்கு ஆறு மாதம் பிடித்தது. இரண்டு நாள் செலவழித்திருந்தால் இந்த ஒரு வீட்டைச் சரிபார்த்திருக்கலாம். மனையின் சர்வே எண்ணை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்தாலே எந்த எல்லை என்று சொல்லிவிடுவார்கள். விற்பவரிடம் வரி ரசீது கேட்டால், தலைப்பில் ஊர் பெயர் இருக்கும். பள்ளியில் கதவிலக்கத்தைச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். ஒப்பீட்டு அட்டவணை யார் தந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு நீங்களே போடுங்கள், ஒரே வகை எண்ணை வைத்து. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள். எங்கள் தெருவில் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் பின்னால் கேட்டேன். "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி" என்றார்.

போன வாரம் எங்கள் அடுத்த வீட்டில் விற்பனைப் பலகை தொங்கியது. கிழக்கு ஊர் என்றுதான் போட்டிருக்கிறது, அதே தரகர்தான். பார்க்க வருகிறவர்கள் எங்கள் கதவைத் தட்டுங்கள். வரி ரசீதை எடுத்து வைத்திருக்கிறேன்.